நாளையும் அவர் கையில்

கொங்கு நாட்டின் தென்மேற்கு மூலையிலே, ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்திருக்கும் பொள்ளாச்சியை அறியாதார் தமிழ்நாட்டில் அரியர். திரைப்படம் பார்ப்போர்க்கு அது படப்பிடிப்பு நடக்கும் ஊர். வணிகர்க்கு வெல்லமும் தேங்காயும் மாடும் விலைபோகும் ஊர். வடநாட்டு நகரங்களில் வாழ்வோர்க்கு இளநீர் அனுப்பும் ஊர். 'பொழில்வாய்ச்சி' என்னும் பெயரே நாளடைவில் பொள்ளாச்சி என மருவிற்று என்பர். பொழில் வாய்த்த ஊருக்குக் கவலை ஏது என்று வெளியூரார் எண்ணக்கூடும். ஆனால் நாம் அவ்வூருக்குச் சென்றது அதன் எழிலைக் கண்டு களிப்பதற்கன்று. அங்கே தென்னையை நம்பி வாழும் நம் குடும்பங்கள் சில ஆண்டுகளாகச் சுமந்து வரும் ஒரு பெருங்கவலையை அவர்கள் வாயிலாகவே கேட்டறியவும், அக்கவலையின் நடுவிலும் விசுவாசம் அவர்களை எவ்வாறு தாங்கி நிற்கிறது என்பதைக் காணவுமே சென்றோம்.

துண்டுக்கடியில் ஒரு கணக்கு

கோவை உக்கடத்தில் பேருந்து ஏறினால் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. கிணத்துக்கடவைத் தாண்டியதும் தென்னந்தோப்புகள் சாலையின் இருமருங்கும் நெருங்கி வரத் தொடங்குகின்றன. மேற்கே பாலக்காட்டுக் கணவாயின் வழியாக வீசும் காற்று, ஆனி ஆடி மாதங்களில் மழைச் சாரலையும் சுமந்து வந்து பயணிகளின் முகத்தில் தெளிக்கிறது. கோடையிலும் அக்காற்றில் ஒரு குளிர்ச்சி உண்டு.

நாம் சென்றது ஒரு செவ்வாய்க்கிழமை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடுவது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மாடுகள் வந்து சேர, கேரள வணிகர்கள் அவற்றை வாங்கிச் செல்கின்றனர். அங்கே நம் கண்ணைக் கவர்ந்தது விலை பேசும் முறையாகும். வாங்குபவரும் தரகரும் கைகளைக் கோத்துக்கொண்டு, அவற்றின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்கின்றனர். வாய் திறந்து ஒரு சொல்லும் இல்லை. துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்தும் விடுத்தும் ஆயிரங்கள் ஏறி இறங்குகின்றன. சுற்றி நிற்பவர்க்கு ஒன்றும் தெரியாது. பேசுகிறவர்களின் முகத்திலும் ஒரு மாற்றம் இராது.

மனிதரின் கவலையும் பெரும்பாலும் இவ்வாறே நடைபெறுகிறது. வெளிமுகம் அமைதியாய் இருக்கிறது. கடையில் நின்று பேசுகிறோம், விருந்தினரை வரவேற்கிறோம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளை வேட்டி உடுத்திச் செல்கிறோம். ஆனால் உள்ளத்தில், ஒருவரும் காணாதபடி, கடனும் நோயும் பிள்ளைகளின் படிப்பும் மாறி மாறி எண்ணப்படுகின்றன. மனைவியிடமிருந்து கணவன் மறைக்கிறான். பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் மறைக்கின்றனர். சில வேளைகளில் ஆண்டவரிடமிருந்தே மறைக்க முயல்கிறோம்.

செவ்வாய்க்கிழமை நம் பங்குகளில் புனித அந்தோனியாருக்கு உரிய நாளன்றோ! சந்தை கலையும் மாலை நேரத்தில் நவநாள் செபத்துக்கு மக்கள் கூடுகின்றனர். காலையிலே துண்டைப் போட்டு மூடிய கைகள் மாலையிலே திறந்து விரிகின்றன. கவலையை வெல்வதன் முதற்படி இதுவே என்று அங்கே நமக்குத் தோன்றிற்று: மூடியிருக்கும் துணியை ஆண்டவர் திருமுன் எடுத்துவிடுதல்.

தோப்பு வீட்டில்

மறுநாள் ஆனைமலைச் சாலையில் ஒரு தோப்பு வீட்டிற்குச் சென்றோம். வீட்டுக்காரருக்கு இரண்டு ஏக்கர் தென்னை. மரத்துக்கு மரம் இருபத்தைந்தடி இடைவெளி விட்டு ஏக்கருக்கு எழுபது மரமாக அவருடைய தந்தையார் நட்டுச் சென்ற தோப்பு. "வாங்க, உட்காருங்க, மொதல்லே எளநி குடிங்க" என்று வரவேற்றார் அந்த இல்லத்தரசி. இளநீரைப் பருகியவாறே தோப்பை நோக்கினோம். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வெற்றிடமாய்க் கிடந்தது. வெட்டிச் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகளே அங்கு எஞ்சியிருந்தன.

இதற்குக் காரணம் கேரள வேர் வாடல் நோய். கேரளத்தில் நூறாண்டுக்கு மேலாகத் தென்னையை வாட்டி வந்த இந்நோய், அண்மை ஆண்டுகளில் கணவாயைக் கடந்து பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் பரவியிருக்கிறது. பைட்டோபிளாஸ்மா என்னும் மிக நுண்ணிய உயிரால் உண்டாவது. சாறுண்ணும் சிறு பூச்சிகளால் மரம் விட்டு மரம் செல்வது. முதலில் கீற்றுகள் விறைப்பிழந்து விலா எலும்புகள்போல் உள்நோக்கி வளைகின்றன, பின்னர் மட்டைகள் மஞ்சளிக்கின்றன, ஓரங்கள் கருகுகின்றன, காய்கள் குறைகின்றன. மரம் உடனே சாவதில்லை. ஆண்டுக்கணக்கில் நலிந்து நிற்கிறது. நோயைத் தீர்க்க மருந்து இல்லை. மிகவும் நலிந்த மரத்தை அகற்றுவதும், மற்ற மரங்களுக்கு உரமும் நீரும் கொடுத்துத் தாங்குவதுமே வேளாண் அறிஞர் கூறும் வழி.

"பகலெல்லாம் வேலையிலே ஒண்ணும் தெரியறதில்லீங்க," என்றார் வீட்டுக்காரர். "ராத்திரி படுத்தாத்தான் ஒவ்வொரு மரமா எண்ணத் தோணும். எது நிக்கும், எது போகும், பொண்ணோட காலேஜுக்கு எப்படிப் பணம் கட்டறதுன்னு எண்ணி முடிக்கறதுக்குள்ளே விடிஞ்சு போகுமுங்க."

மகள் கோவையில் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். தோப்பின்மேல் வாங்கிய கடனும் இருக்கிறது. மாதக்கணக்கில் தூக்கமின்றிப் போய், சோறும் செல்லாமல், தோப்புப் பக்கம் போகவே மனமில்லாமல் அவர் இருந்திருக்கிறார். ஓரிரவு அவருடைய வயது முதிர்ந்த தாயார் திண்ணையில் வந்து அருகே அமர்ந்து கேட்டாராம்: "மரத்தை வெச்சது உங்கப்பன். தண்ணி விட்டது அணைக்காரன். காய் குடுத்தது சாமி. இதுலே நீ எதைக் கண்ணு ராத்திரியெல்லாம் எண்ணிட்டிருக்கறே?"

அதன் பின்னர் அவ்வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. இரவில் செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள கவலை ஒன்றை வாய்விட்டுச் சொல்கின்றனர். உடனே, அதன் பொருட்டு மறுநாள் தாம் செய்யக்கூடிய வேலை ஒன்றையும் சொல்கின்றனர். செய்யக்கூடியது ஒன்றுமில்லையாயின், அதைத் தேவமாதாவின் கையில் ஒப்படைத்து ஓர் அருள் நிறை மந்திரம் சொல்கின்றனர். அதற்கு மேல் அன்றிரவு மரக்கணக்குப் பேசுவதில்லை என்பது அவ்வீட்டுக் கட்டுப்பாடு. மனைவியின் வற்புறுத்தலால் மருத்துவரையும் கண்டு, தூக்கமின்மைக்கு மருந்து உட்கொண்டார். நலிந்த மரங்களை வெட்டிய இடத்தில் புதிய கன்றுகள் ஊன்றியிருக்கிறார். மரங்களுக்கு இடையே கோக்கோவும் ஜாதிக்காயும் வைத்திருக்கிறார். கடன் தீர்ந்ததா? இல்லை. நோய் நின்றதா? அதுவும் இல்லை. "ஆனா தூங்கறேனுங்க; விடிஞ்சா தோப்புக்குப் போறேனுங்க" என்றார்.

ஈயும் குளவியும்

அந்தத் தோப்பிலேயே நாம் கற்ற வேறொரு பாடமும் உண்டு. 2016ஆம் ஆண்டு இப்பகுதித் தென்னைகளில் இதற்குமுன் இந்தியாவில் காணாத சுருள் வெள்ளை ஈ தோன்றிற்று. நடு அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாய் முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சுகிறது. அது கழிக்கும் இனிப்பான நீர் கீழோலைகளில் படிய, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, பச்சைத் தோப்பெல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிடுகிறது. அதைக் கண்ட உழவர்களுக்கு உண்டான திகிலைச் சொல்லவும் வேண்டுமோ! கிடைத்த பூச்சிமருந்தையெல்லாம் வாங்கித் தெளித்தவர் பலர்.

ஆயின் ஆராய்ச்சியாளர் உரைத்தது வேறு. அந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் என்கார்சியா என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி, ஒருவரும் கொண்டுவராமலேயே இத்தோப்புகளில் காணப்பட்டது. நஞ்சைத் தெளித்தால் ஈயோடு இந்த நண்பனும் மடிந்துபோகும். ஆதலால் நஞ்சைத் தவிர்த்து, ஓலைகளின்மீது தண்ணீரை விசையாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கட்டுங்கள். கரும்பூசணம் உதிர மைதாக் கஞ்சியைத் தெளியுங்கள். குளவி உள்ள ஓலைத் துண்டுகளை அது இல்லாத தோப்புகளுக்குக் கொண்டுசெல்லுங்கள் என்று அறிவுரை வழங்கினர்.

கைகட்டி இருக்குமாறு அவர்கள் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்ய வேண்டிய எளிய பணிகள் இருந்தன. செய்யாமல் விடவேண்டியதும் ஒன்று இருந்தது. கவலை கொண்ட மனம் இவ்விரண்டையும் தலைகீழாக்கிவிடுகிறது. செய்ய வேண்டியதைச் செய்யச் சோம்புகிறது. செய்யத் தகாததைப் பதறிச் செய்கிறது. மகளின் திருமணம் தள்ளிப் போகிறதே என்று பதறித் தகாத இடத்தில் கைநனைப்பதும், வட்டிக்கு மேல் வட்டிக்கு வாங்குவதும், நோய்க்கு மருத்துவம் பாராமல் குறி கேட்க ஓடுவதும் இந்த நஞ்சு தெளிக்கும் வேலையே அன்றோ? நாம் காணுமுன்பே நமக்கெனப் பராபரன் அனுப்பிவைத்த உதவியைப் பதற்றம் அழித்துவிடக்கூடும்.

ஆழியாற்றங்கரையில்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை செல்லும் சாலையில் மலை தொடங்கும் இடத்திலே ஆழியாறு அணை இருக்கிறது. அணைக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் மலையேறிச் செல்கின்றன. கீழே நீர்ப்பரப்பு மலைகளின் நிழலைத் தாங்கி அசையாமல் கிடக்கிறது. பறம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் ஒரு பகுதி இவ்வணை. காமராசர் முதலமைச்சராகவும், பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் அமைச்சராகவும் விளங்கிய காலத்தில் உருவெடுத்த திட்டம் இது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆறுகளின் நீரை அணைகளாலும் மலையைக் குடைந்த சுரங்கங்களாலும் கிழக்கே திருப்பினர். கேரள அரசுடன் 1970ஆம் ஆண்டு இதற்கு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணை வரை மலையோரமாகவே 49 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வளைந்து செல்கிறது.

இவ்வளவு பெரிய வேலை முன்யோசனை இன்றி நடந்திருக்குமா? 'கவலைப்படாதே' என்னும் நற்செய்திப் போதனையைச் சிலர் 'யோசிக்காதே' என்று பொருள் கொண்டு மயங்குவதுண்டு. புனித மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் கிறிஸ்து பெருமான் வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் சுட்டிக்காட்டியது உழவரும் மீனவரும் நிறைந்த கூட்டத்தினிடத்தில். விதைக்க வேண்டாம், வலைவீச வேண்டாம் என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பினாரில்லை. பறவையும் விடியற்காலையில் எழுந்து இரைதேடப் பறக்கவே செய்கிறது. கூட்டில் அமர்ந்து நாளைய இரையை எண்ணி இன்றைய பொழுதைப் போக்குவதில்லை, அவ்வளவே. முன்யோசனை கைக்கு வேலை தருகிறது. கவலையோ கையைக் கட்டிப்போட்டுவிட்டுத் தலைக்கு மட்டும் வேலை தருகிறது.

திட்டத்தின் பெரும் பாசனப் பரப்பை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறைவைத்து நீர் விடுகின்றனர். தம் மண்டலத்தின் முறை வரும்வரை உழவர் காத்திருக்கின்றனர். வாய்க்காலில் நீர் அடுத்தவர் நிலத்துக்குப் பாய்ந்து செல்வதைப் பார்த்துக்கொண்டே தம் வரப்பைச் செப்பனிடுகின்றனர். முறை வரும்போது வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், வந்த நீர் பயனின்றிப் போகும். விசுவாசிகளின் காத்திருத்தலும் இதை ஒத்ததே. ஆண்டவருடைய அருள் வரும் நாளை நாம் குறிக்க இயலாது. அது வரும்போது பாய்வதற்கு வாய்க்காலைத் திறந்து வைத்திருக்க இயலும். அன்றாடச் செபம், ஞாயிறு திருப்பலி, ஒப்புரவு அருட்சாதனம், அடுத்த வீட்டாரோடு சமாதானம் ஆகியவை அந்த வாய்க்காலைத் தூர்வாரும் பணிகளாம்.

நம் முதல் ஆயரின் கலக்கம்

இவ்விடத்தில் அன்பர் ஒருவர் நம்மைக் கேட்கலாம்: "விசுவாசம் இருந்தால் கவலையே வராது என்கிறீர்களா?" அவ்வாறு நாம் கூறத் துணியோம். பொள்ளாச்சி அடங்கிய நம் கோவை மறைமாவட்டத்தின் வரலாற்றுத் தொடக்கத்திலேயே பெருங்கலக்கம் அடைந்த ஒரு மனிதரைக் காண்கிறோம்.

பிரான்சு நாட்டில் 1813ஆம் ஆண்டு பிறந்த மெல்கியோர் தெ மரியோன் பிரேசியாக் ஆண்டகை 1842ஆம் ஆண்டு நம் நாட்டுக்கு வந்தவர். 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப் பெற்றார். 1850இல் கோவை தனி மறைபரப்பு மாநிலமாக ஆனபோது அதன் முதல் திருத்தந்தைப் பதிலாளாக விளங்கினார். இந்நாட்டு மக்களிலிருந்தே குருக்களை உருவாக்க வேண்டும் என்பது அவருடைய தணியாத ஆவல். ஆயினும் இந்நாட்டுப் பழக்கவழக்கங்களை எந்த அளவுக்குத் திருச்சபை ஏற்கலாம் என்பது பற்றி அக்காலத்தில் எழுந்த நெடிய சச்சரவு அவருடைய மனச்சான்றை ஓயாது வருத்திற்று. முடிவாகத் தம் பதவியை விட்டு விலக வேண்டி உரோமைக்கு விண்ணப்பித்துக்கொண்டார். 1855ஆம் ஆண்டு அது ஏற்கப்பட்டது.

உள்ளம் நொந்த நிலையிலும் அவர் ஒதுங்கி இருந்துவிடவில்லை. ஆப்பிரிக்க மக்களுக்குப் பணியாற்ற 1856ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். 1859ஆம் ஆண்டு மே மாதம் சியரா லியோன் நாட்டின் பிரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. உடனிருந்த குருக்களும் அதற்கு இரையாயினர். ஆறு வாரங்களுக்குள், ஜூன் 25ஆம் நாள், ஆண்டகையும் உயிர்நீத்தார். வயது 45. உலகத்தார் கண்ணுக்கு அது முழுத் தோல்வி. அவர் விதைத்த சபையோ இன்றளவும் ஆப்பிரிக்காவில் பணிபுரிகிறது. 2020ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

விளைவைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. ஆண்டவர் நம்மிடம் கேட்பது விளைவையன்று. இன்றைய நாளின் உழைப்பையும் நம்பிக்கையையுமே என்பதற்கு அவருடைய வாழ்வு சான்று. ஆண்டவராகிய இயேசுவே ஜெத்சமனித் தோட்டத்தில் வியர்வை இரத்தத் துளிகள்போல் விழும் அளவுக்குக் கலங்கினார் என்று நற்செய்தி கூறுகிறது. ஆகவே கலங்குவது பாவமன்று. கலக்கத்தைத் தந்தையிடம் எடுத்துச் சென்று, தம் விருப்பத்தையும் அவரிடமே விட்டார் என்பதே அத்தோட்டம் நமக்குக் காட்டும் வழி.

நம் இல்லங்களுக்கு

வாசக நேயர்களே, தென்னந்தோப்பு இல்லாத வீட்டிலும் நலிந்து நிற்கும் மரம் ஒன்று இருக்கவே செய்கிறது. ஒரு வீட்டில் அது வேலை கிடைக்காத மகன். ஒரு வீட்டில் குடியை விடாத கணவர். ஒரு வீட்டில் மருத்துவரின் அறிக்கைக் கடிதம். அந்தப் பொள்ளாச்சிக் குடும்பம் கைக்கொண்ட வழக்கத்தை நாமும் கைக்கொள்ளலாமே. குடும்பச் செபத்தில் கவலையைப் பெயர் சொல்லி ஆண்டவர்முன் வையுங்கள். நாளை செய்யக்கூடிய ஒரு பணியைத் தீர்மானியுங்கள். செய்ய இயலாததை அவர் கையில் விட்டுவிட்டு விளக்கை அணையுங்கள்.

வீட்டில் யாரேனும் வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவின்றி, வாழ்வே வேண்டாம் என்று பேசத் தொடங்கினால், அதை விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். அது நோயாக இருக்கலாம். தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் 'டெலி மனாஸ்' என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மருத்துவரின் அறிவும் இறைவன் தந்த கொடையே.

ஒவ்வொரு திருப்பலியிலும் ஆண்டவர் கற்பித்த செபத்தை அடுத்து, எல்லாக் கலக்கத்தினின்றும் நம்மைக் காக்கும்படி குருவானவர் நம் அனைவர் பெயராலும் மன்றாடுகிறார். பழக்கத்தினால் அதைக் கேளாமலே விட்டுவிடுகிறோம். வருகிற ஞாயிறன்று அவ்வேளையில் துண்டுக்கடியில் மறைத்து வைத்திருக்கும் நம் கணக்கையும் பீடத்தின்மேல் வைப்போமாக. பொள்ளாச்சித் தோப்பில் ஊன்றிய கன்றுகள் காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும். ஊன்றியவர் அதை நம்பித் தண்ணீர் விடுகிறார். நாமும் இன்றைக்குரிய நீரை விடுவோம். காய்க்கும் நாளை அறிந்தவர் நம்மையும் அறிந்திருக்கிறார்.